நீலகிரிக்குக் குடிவருகிறவர்களுக்கு: குக்கர், புத்தகம், வீணை, பந்து, தொலைநோக்கி

வேலை மாற்றலிலோ ஓய்வுக்குப் பிறகோ ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் குன்னூருக்கு வந்தபோது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வாடகை நிலவரம் சொல்ல ஆள் இருந்தது. வீட்டில் ஒரு வீணை, அலமாரி நிறையப் புத்தகம், வாரம் தவறாமல் இட்லி, மாடியில் ஒரு தொலைநோக்கி என்று இருப்பவர்கள் இங்கே வந்தால் என்ன பாடு படுவார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

எல்லோரும் குளிரைப் பற்றியே பயமுறுத்துவார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. இங்கே உங்கள் சாமானுக்கு முதல் எதிரி ஈரம். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் எளிதாகப் பிடிபடும்.

1. வீட்டை மழையில் பாருங்கள், வெயிலில் குடிவாருங்கள்

குடிவர நல்ல காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. சுவர் காய்ந்திருக்கும், பாதையில் மண்சரிவு பயம் குறைவு, பெட்டியிலிருந்து எடுக்கும் சாமானை வெயிலில் போட்டு வைக்க முடியும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். சீசன் நேரத்தில் பல வீட்டுக்காரர்கள் காலி வீட்டை நாள் வாடகைக்கு விடுவதையே விரும்புவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் அதன் உக்கிரம் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு அதுதான் பெரிய மழை.

ஆனால் வீட்டைப் பார்ப்பது மட்டும் நவம்பர் மழையில் இருக்கட்டும். பிப்ரவரியில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். மழையில் போனால் சுவரில் ஓதம் ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரியும். பீரோவுக்குப் பின்னால், சமையல் மேடைக்கு அடியில், படுக்கையறையின் வெளிச்சுவர் மூலையில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். காலை வெயில் எந்த அறையில் விழுகிறது என்பதையும் கேட்டு வையுங்கள், அந்த அறை உங்களுக்கு வேண்டும். பள்ளத்தில் உள்ள வீடு வாடகை குறைவாகக் கிடைக்கும். உறைபனியும் அங்கேதான் முதலில் இறங்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் முழு முகவரியும் கதவு எண்ணும் சரியாக இருக்க வேண்டும். 'இன்ன எஸ்டேட் அருகில்' என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் கேஸ், ஆதார், நூலகம் எல்லா இடத்திலும் அந்த ஒரு வரி உங்களை அலைக்கழிக்கும்.

2. லாரி, இ-பாஸ், பாதை

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். இணையத்தில் செல்போன் எண், வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, வரும் நாள் கொடுத்தால் கிடைத்துவிடும். கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் காருக்கு எடுத்துவிட்டு லாரிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், அவர் வண்டி எண்ணையும் முன்னாலேயே வாங்கிப் பாஸ் நிலவரத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். கடைசி நேரத்தில் வேறு வண்டி வந்தால் பழைய பாஸ் செல்லாது.

லாரி பெரிதாக இருந்தால் சிக்கல். கொண்டை ஊசி வளைவுகளைச் சமாளித்து ஊருக்குள் வந்தாலும் உங்கள் தெருவுக்குள் திரும்பாது. எங்கள் சாமானை ஏற்றிவந்தவர்கள் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து குட்டியானையில் மாற்றி ஏற்றத் தனிக் கூலி கேட்டார்கள். பேரம் பேசும் நிலையிலா இருப்போம்? பதினான்கு அடி வண்டியாக எடுங்கள். வீட்டு வாசல் வரை இறக்கும் கூலி, மலைப்பாதைக் கூலி இரண்டும் சேர்த்துத்தான் தொகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாசல் தெருவின் அகலத்தைப் படம் எடுத்து முன்னாலேயே அனுப்பிவிடுவது நல்லது.

சோதனைச் சாவடியில் கேரி பேக், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் எடுத்துவிடுவார்கள். பாத்திரம் கட்ட செய்தித்தாளும் பழைய வேட்டியும் போதும். மைசூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியது: பந்திப்பூர், முதுமலைக் காட்டுப் பாதை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும்.

3. கேஸ் இணைப்பு: முதல் வாரமே

பலரும் சிலிண்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. ஊர் விட்டு ஊர் மாறும்போது பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்க வேண்டும். டெபாசிட்டைத் திருப்பித் தருவார்கள். அந்த வவுச்சர், வாடகை ஒப்பந்தம், ஆதார், ஒரு புகைப்படம் ஆகியவற்றோடு இங்கே உள்ள ஏஜென்சிக்குப் போனால் இணைப்பு கிடைக்கும். அடுப்பும் டியூபும் உங்களுடையவை, அவற்றைக் கொண்டுவரலாம்.

இதில் ஒரு செலவு இருக்கிறது. பழைய டெபாசிட், நீங்கள் எந்த வருடம் கட்டினீர்களோ அந்த வருடக் கணக்கில்தான் திரும்பி வரும். புதிதாகக் கட்டுவது இப்போதைய கணக்கில். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கான டெபாசிட்டை 2200 ரூபாய் ஆக்கினார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் இணைப்பு எடுத்தவர் வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டும். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டுக்கும். ஆனாலும் இங்கே இரண்டு சிலிண்டர் வைத்திருப்பதே புத்திசாலித்தனம். மழையில் பாதை அடைத்தால் வண்டி வராது.

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில், தீரப்போகும் சிலிண்டரில் தீ சோர்ந்து எரியும். குளிரில் உள்ளே இருக்கும் திரவம் வேகமாக ஆவியாகாததுதான் காரணம். வெந்நீர் ஊற்றுவது, சாய்த்துப் போடுவது போன்ற கைவைத்தியம் எதையும் செய்யாதீர்கள். நிறைந்த சிலிண்டரை மாற்றிவிட்டு, குறைந்ததைப் பகலில் பயன்படுத்துங்கள்.

4. சமையலறை: விசில் கணக்கை மறந்துவிடுங்கள்

ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2240 மீட்டர். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 அளவில். தளதளவென்று கொதிக்கிறதே என்று பார்த்தால் சோற்றில் அரிசி வெந்திருக்காது. வடித்துச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் மாதம் சோதனைதான். அரிசியை அரை மணி நேரமாவது ஊறவைத்துப் போடுங்கள்.

குக்கர் இருந்தால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். வெயிட் வால்வு வெளிக்காற்றுக்கு மேல் இவ்வளவு அழுத்தம் என்றுதான் கணக்கு வைக்கும். வெளிக்காற்றே இங்கே மெலிவு. அதனால் விசில் வரும்போது உள்ளே இருக்கும் சூடு சமவெளியில் இருப்பதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவு. துவரம்பருப்புக்கு வழக்கமான நேரத்தோடு கால் பங்கு சேருங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மாவை இரவே ஊறப்போட்டுவிடுங்கள், சமையல் சோடாவை நம்பாதீர்கள். விசில் எண்ணுவதைவிட முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பது நம்பகமானது.

அப்புறம் இட்லி மாவு. கீழே இருக்கும்போது சாயங்காலம் அரைத்து ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். இங்கே அந்த வழக்கம் செல்லாது, ஏனென்றால் மாவு புளிக்க வேண்டிய நேரம் சரியாக இரவுக் குளிரில் போய் விழுகிறது. காலையில் அரையுங்கள். உளுந்தோடு ஒரு டீஸ்பூன் வெந்தயம் ஊறட்டும், அரைக்க ஊற்றும் தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். கரண்டியை விட்டுவிட்டுக் கையால் நன்றாகக் கலந்து, பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்து, தூக்குவாளியில் பாதி வரை ஊற்றுங்கள். வாளியை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அண்டாவில் இறக்கி, மேலே கம்பளியைச் சுற்றி, வெயில் விழும் ஜன்னல் ஓரம் வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். ஏப்ரலில் சாயங்காலத்துக்குள் தயாராகிவிடும். ஜனவரியில் மறுநாள் காலை வரை ஆகும், பொறுங்கள். ஓரத்தில் ஒரு விரலை விட்டு எடுத்தால் சின்னச் சின்னக் குமிழி உடைகிற சத்தம் கேட்கும், அதுதான் அடையாளம். புளிப்பு வாசனைக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

தயிருக்கு உறை கொஞ்சம் கூடுதல், பால் கொஞ்சம் கூடுதல் சூடு, பாத்திரம் ஹாட்பாக்ஸுக்குள். உப்பு, சர்க்கரை, மிளகாய்ப் பொடி எதையும் ஆறு மாதத்துக்கு வாங்கிச் சேர்க்காதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஆகவே வாயகன்ற டப்பாவாக வாங்குங்கள். குறுகிய பாட்டில் வாங்கியவர்கள் வீட்டில் பாட்டிலோடு வெந்நீரில் நிறுத்திவைத்திருப்பதைப் பார்க்கலாம்.

காபிக்கு மட்டும் இந்த உயரம் அனுகூலம். கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஃபில்டரில் ஊற்றினாலும் தூள் கருகாது. டபராவில் ஆற்ற மட்டும் வேண்டாம், தானே ஆறிவிடும். கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ் உழவர் சந்தையில் காலையிலேயே போனால் மண்ணோடு கிடைக்கும். வாழைக்காய், முருங்கைக்காய்க்குக் கூடுதல் விலை கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

5. புத்தகங்கள்

அலமாரியை வெளிச்சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது. உள்சுவரில், அதுவும் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். கண்ணாடிக் கதவு போட்டு இறுக்கி மூடினால் பாதுகாப்பு என்று தோன்றும். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாமல் பூசணம் பிடிப்பதுதான் நடக்கும். புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல் காற்றுப் போக வழி விடுங்கள். வசம்பு, வேப்பிலை பூச்சிக்கு உதவும், பூசணத்துக்கு உதவாது. அதற்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வாங்கி, அவை நிறம் மாறும்போது வாணலியில் மிதமான சூட்டில் வறட்டி மறுபடி வைக்கலாம். ஆயிரம் புத்தகத்துக்கு மேல் இருந்தால் ஈரப்பதம் குறைக்கும் மின்சாதனம் ஒன்று வாங்கிவிடுங்கள். பத்தாயிரத்துக்கு மேல் ஆகும், ஆனால் அதே அறையில் வாத்தியத்தையும் லென்ஸையும் வைக்கலாம் என்பதால் செலவு நியாயம்தான்.

மே மாதத்துக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி, நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயிலில் போட்டால் அட்டை வளைந்துகொள்ளும்.

நூலக உறுப்பினர் ஆவது சுலபம். ஊட்டியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, மற்ற ஊர்களில் கிளை நூலகங்கள். படிவம், முகவரிச் சான்று, புகைப்படம், திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா; எல்லாம் சேர்ந்தும் ஒரு பிரியாணி விலைக்குள் அடங்கும். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். இது தெரியாமல் வெள்ளியன்று போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

ஊட்டியின் பழைய நீலகிரி நூலகம் வேறு. அது அரசு நூலகம் அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய சந்தா நூலகம். ஆங்கில நூல்கள் தேடுபவர்களுக்கு அது பொக்கிஷம். தமிழ் வாசகர் மாவட்ட நூலகத்தை முதலில் பார்த்துவிட்டு அங்கே போகலாம்.

6. வீணை, மிருதங்கம், வயலின்

வீணையை லாரியில் ஏற்றாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகப் பட்டைகள்) மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மேட்டுப்பாளையம் வரை மூடிய வண்டியின் வெக்கையில் அந்த மெழுகு இளகும், அதற்கு மேல் குளிரில் இறுகும், நடுவில் வளைவுகளின் குலுக்கல். வந்து சேரும்போது ஒரு மெட்டு லேசாகச் சாய்ந்திருந்தாலும் அந்த ஸ்வர ஸ்தானம் பிசகிவிடும். உங்கள் காரில், பின்சீட்டில், தந்திகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

வந்ததும் ஆசையில் உறையைப் பிரிக்க வேண்டாம். இரவு முழுக்க மூடியபடியே அறையில் கிடக்கட்டும், மறுநாள் திறந்து சுருதி சேருங்கள். மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைப் புதிதாகப் பதிக்க, வேண்டிய நிலையில் வீணை இருந்தால் புறப்படுவதற்கு முன் கட்டாதீர்கள். இங்கே வந்து ஒரு பருவம் கழியட்டும். பிறகு தெரிந்த கைவினைஞரிடம் கட்டினால் வேலை நிற்கும். பயணச் செலவும் சேர்த்து ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதால் இரண்டு முறை செய்ய மனம் வராது.

வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைப்பது கட்டாயம், இல்லாவிட்டால் துரு ஏறும். ஒரு ஜோடி தந்தி எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். விரலுக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் இங்கே வெண்ணெய்க் கட்டியாக உட்கார்ந்திருக்கும். சின்னச் சிமிழில் ஊற்றி, உட்காருவதற்குப் பத்து நிமிடம் முன்பே சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் இளகிவிடும்.

மிருதங்கக்காரர்களுக்குத் தோல் தளர்ந்து சுருதி இறங்குவது தினப்படிப் பிரச்சினை. தட்டிச் சுருதி சேர்க்கும் கல்லும் புள்ளும் (மரக்கட்டை) பக்கத்திலேயே இருக்க வேண்டும். கணப்பு அருகே காயவைத்தால் சட்டென்று சுருதி ஏறும், ஆனால் கரணை (தோலின் நடுவில் உள்ள கறுப்புப் பூச்சு) வெடித்து உதிர்ந்துவிடும். வயலினில் முறுக்காணி ஈரத்தில் உப்பி இறுகும். பலமாகத் திருப்பினால் உடையும்; வெளியே இழுத்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள்.

கச்சேரிக்குக் கோயம்புத்தூர்தான் பக்கம். ஊட்டியிலிருந்து சுமார் 86 கிலோமீட்டர். கச்சேரி முடிந்து அன்றிரவே மலையேறத் திட்டமிடாதீர்கள். பனிமூட்டம் ஒரு பக்கம், கல்லாறு, பர்லியாறு பகுதியில் யானை ஒரு பக்கம். ஒரு ராத்திரித் தங்கும் செலவைக் கச்சேரிச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

7. கால்பந்து

இந்த மாவட்டத்துக்குக் கால்பந்து பைத்தியம் உண்டு, எஸ்டேட் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்தால் புரியும். ஊட்டி எச்ஏடிபி மைதானத்திலோ கோத்தகிரி காந்தி மைதானத்திலோ சாயங்காலம் போய் ஓரமாக நில்லுங்கள். ஆள் குறைந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் முழு ஆட்டம் ஆடாதீர்கள். காற்றில் பிராணவாயு சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஈரப் புல்லுக்கு நீளமான ஸ்டட் உள்ள பூட்ஸ் தேவை. பிள்ளைகளை அணியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் தயாராக இருக்கட்டும். வேறு மாவட்டத்தில் பதிவு செய்து ஆடியிருந்தால் அந்த விவரத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

8. வானம் பார்ப்பவர்களுக்கு

ஜனவரி முதல் மார்ச் வரைதான் உங்கள் சீசன். ஜூனில் தொலைநோக்கி வாங்கினால் அடுத்த வருடம்தான் பிரிப்பீர்கள். பிப்ரவரி முன்னிரவில் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும், ஏப்ரல் மே இரவுகளில் மேகம் விட்டால் திரிசங்கு (தென்சிலுவை). துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து வெறும் 11 டிகிரி உயரம்தான், வடக்கே ஒரு குன்று மறைத்தாலும் தெரியாது. தொலைநோக்கியைத் துருவத்துக்கு நேர்ப்படுத்த வேண்டியவர்கள் வீடு பார்க்கும்போதே இதைக் கவனியுங்கள்.

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி இந்த 11 டிகிரியை வைத்தே கட்டப்பட்டது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இல் வேலை செய்யத் தொடங்கியது. இயல்பாகவே 11 டிகிரி சாய்ந்த சரிவில் வடக்குத் தெற்காக நிறுத்தியதால் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அப்படி ஒரு சரிவைத் தேடித்தான் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு இந்த இடத்துக்கு வந்தது. போய்ப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், நினைத்த நேரத்தில் வாசலில் போய் நிற்காதீர்கள். மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடிக்கும் இடம், செல்போனை அணைத்துவிட வேண்டும். பழனி மலைப் பக்கம் போகிறவர்கள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை விட்டுவிட வேண்டாம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டது அங்கேதான்.

வீட்டில் பார்ப்பதற்கு: கருவியை அரை மணி நேரம் முன்பே வெளியில் வைத்துக் குளிரவிடுங்கள். லென்ஸில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், கீறல் விழும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். உள்ளே எடுத்து வந்ததும் மூடியைப் போட்டுப் பெட்டியில் அடைத்தால் பூஞ்சை நிச்சயம். ஈரம் காய்ந்த பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள்.

இருட்டு வேண்டும் என்று டீ எஸ்டேட் பாதையில் நடந்து போவது மட்டும் கூடாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டுமாடும் இரவில் தோட்டத்துக்குள் சர்வசாதாரணமாக வரும், சிறுத்தையும் உண்டு. மொட்டை மாடியில் நின்று பாருங்கள். மாடி இல்லாத வீடென்றால் முன்வாசல் விளக்கை அணைக்கும் முன் தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவில் அந்த விளக்கை நம்பித்தான் கடைசி பஸ்ஸில் வருகிறவர்கள் நடந்து வருகிறார்கள்.